ஆளில்லாப் படகின் காது

பேட்டரியக்காவுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. சம்பள நாளில் மட்டும் அதற்கு உயிர் வரும். மற்ற நாட்களில் வாசல் காவலாளி முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் பேட்டரியக்காதான். அவளைவிட மூத்தவர்கள்கூடக் கூச்சமில்லாமல் அக்கா என்றார்கள். "அக்கான்னு கூப்பிட்டா வேலை வாங்கப் போறாங்கன்னு அர்த்தம். பேர் சொல்லிக் கூப்பிட்டா வேலையை விட்டுத் தூக்கப் போறாங்கன்னு அர்த்தம்" என்பாள் அவள்.

அவள் கணவன் லாரி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பேட்டரிக் கடை வைத்திருந்தான். நல்ல மனிதன். நெஞ்சுதான் அவனுக்கு நல்லபடியாக அமையவில்லை. ஒரு நாள் காலையில் கடையைத் திறந்தவன் மூடவில்லை. அவள் மூடினாள், துக்கம் கேட்க வந்தவர்கள் கலைந்ததும் அவளே திறந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. ஆசிட் தெறித்து ஓட்டை விழாத துணி அவள் அலமாரியில் ஒன்றுகூடக் கிடையாது. செத்துப்போன பேட்டரியைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கி, "இன்னும் ஒரு மழைக்காலம் தாங்கும்" என்று சொல்லிவிட்டால் லாரிக்காரர்கள் மறுபேச்சில்லாமல் எடுத்துப் போவார்கள்.

அப்படி இருந்தவளைத்தான் கம்பெனி வந்து அள்ளிக்கொண்டு போனது. துறைமுகத்தை ஒட்டி, கூரைத் தகரம் துருப்பிடித்துக் கிடந்த பழைய கிடங்கைப் பிடித்து, ஆள் ஏறாத படகு கட்டப் போகிறோம் என்றார்கள். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆள் ஏறாத படகு எதற்கு, அலமாரியில் வைத்து அழகு பார்க்கவா? ஆனால் சிரித்தவர்களின் வாய் மூடுவதற்குள் முதல் படகு தண்ணீரில் இறங்கிவிட்டது. நீளமாய், ஒல்லியாய், முதுகு முழுக்கச் சோலார் பலகை. நடுவில் துணியில்லாத, மரக்கதவு மாதிரி விறைத்து நிற்கிற ஒரு பாய். காற்றடித்தால் பாயில் போகும், வெயிலடித்தால் பேட்டரி நிறையும், நிறைந்த பேட்டரியில் கேமராவும் ராடாரும் ஓடும். டீசல் வாசனையே கிடையாது. கடலில் யார் எந்த எல்லையைத் தாண்டுகிறார்கள், யார் எதைக் கடத்துகிறார்கள் என்று பார்த்துக் கரைக்குப் படம் அனுப்புவதுதான் அதன் பிழைப்பு.

அதன் வயிற்றுக்குள் இருந்ததெல்லாம் பேட்டரியக்காவின் பொறுப்பு. கிடங்கின் மூலையில் அவளுக்கு ஒரு மேசை. பிசின் நாற்றமும், தேய்த்த ஃபைபர் தூசியின் அரிப்பும் கூடவே வந்தன. படகு கடலில் இருக்கும்போது அவள் கன்ட்ரோல் ரூமில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். மேகம் வந்தால் பேட்டரி அளவைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். எதைத் தூங்க வைப்பது, எதை விழித்திருக்க விடுவது என்று தீர்மானிப்பது அவள் கையில்தான் இருந்தது. பற்றாக்குறைக் குடும்பம் நடத்துகிறவளுக்குத் தெரியும், எந்தப் பிள்ளை ஒரு வேளை பட்டினி தாங்கும், எது தாங்காது என்று. அந்தக் கணக்குத்தான் இதுவும்.

மீன்பிடிக்கிறவர்களுக்கு அந்தப் படகைக் கண்டாலே ஆகாது. ஆகாமல் போனதில் அவர்கள் மேல் என்ன தப்பு? அவரவர் பாட்டுக்கு வலை போட்டுக்கொண்டிருக்கும்போது ஆளே இல்லாத ஒன்று பக்கத்தில் வந்து நின்று உற்றுப் பார்த்துவிட்டுப் போனால் யாருக்குத்தான் பிடிக்கும்? "நம்மளக் காட்டிக் குடுக்க நம்ம கையாலயே செய்யறாங்க" என்று மீன் ஏலக்கூடத்தில் முணுமுணுத்தார்கள். ஒரு தடவை யாரோ அதன் பாயில் தார் பூசி அனுப்பியிருந்தார்கள்.

பேட்டரியக்காவுக்கு அது சுட்டது. ஏனென்றால் அவள் கூடப்பிறந்த ஒரே தம்பி மீன்பிடிக்கிறவன். அவள்தான் மேனேஜரிடம் போய் நின்றாள்.

"கண்ணை மட்டும் வெச்சு அனுப்பினா ஒற்றன்னுதான் சொல்லுவாங்க சார். ஒரு காதும் வெச்சு அனுப்புவோம்."

காது என்று அவள் சொன்னது ஒரு ரேடியோவை. ஆபத்தில் கூப்பிடுகிறவர்களுக்கென்று கடலில் ஒரு சேனல் உண்டு. சின்னப் படகுக்காரர்கள் கையில் வைத்திருக்கும் ரேடியோவில் கூப்பிட்டால் கரைக்கு எட்டாது. ஆனால் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ஆளில்லாப் படகுக்கு எட்டும். அது கேட்டுக் கரைக்குச் சொல்லும். கேட்பதற்குச் செலவு கொஞ்சம்தான். இரைச்சலிலிருந்து மனிதக் குரலைப் பிரித்தெடுக்கும் குட்டிக் கணினிக்குத்தான் தீனி அதிகம். மேனேஜர் முகத்தைச் சுளித்தார். கண்ணாடி போட்ட சின்ன இன்ஜினியர் அவள் பக்கம் நின்றான். ஒரு வழியாகக் காது வந்தது. மேகம் மூடினால் முதலில் கேமரா தூங்கும், அடுத்து ராடார் தூங்கும், காது மட்டும் தூங்காது என்று விதி எழுதினாள் பேட்டரியக்கா. கூடவே இன்னொன்றும் எழுதினாள்: கையால் அணைத்தது எதுவும் தானாக எழுந்துகொள்ளக் கூடாது. முன்பு ஒரு முறை எல்லாம் தன்னிஷ்டத்துக்கு விழித்துக்கொண்டு பேட்டரியை உறிஞ்சித் தீர்த்துவிட்டதால் வந்த முன்ஜாக்கிரதை அது.

தம்பிதான் முதலில் நம்பினான். ஏலக்கூடத்தில் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று, "எங்கக்கா செஞ்ச படகு. அக்காவோட பிள்ளைன்னா எனக்கு மருமகன். மாமன் கூப்பிட்டா மருமகன் கேக்காமப் போயிடுவானா?" என்றான். கூடம் சிரித்தது. அன்றிலிருந்து படகுக்கு மருமகன் என்றே பெயர் நின்றுவிட்டது.

அவன் ஒரு கோமாளி. கடலில் மருமகனைக் கண்டால் சும்மா போக மாட்டான். இடுப்பில் கை வைத்து ஆடிக் காட்டுவான், பெரிய மீனைத் தூக்கிக் காட்டுவான், சல்யூட் அடிப்பான். ரேடியோவை வாயருகில் வைத்து, இன்னொரு கையை உயரத் தூக்கி ஆட்டிக்கொண்டு, "ஹலோ அக்கா, மருமகன் நல்லாப் படிக்கிறானா?" என்பான். கன்ட்ரோல் ரூமில் படமும் வரும், குரலும் வரும். "ஆபத்துக்கு வெச்ச சேனல்ல அரட்டை அடிக்காதே, செருப்பால அடிப்பேன்" என்று வீட்டுக்கு வந்ததும் திட்டுவாள். அவன் பெண்சாதி தையல் மெஷினில் இருந்து தலையைத் தூக்கி, "நல்லாக் கேளுங்கண்ணி, நான் சொன்னா காதுலயே ஏத்திக்க மாட்டேங்கறாரு" என்பாள்.

முன்பெல்லாம் காற்று சரியில்லை என்றால் அவன் கரைக்குத் தெரிகிற தூரத்திலேயே வலை போட்டுவிட்டுத் திரும்பிவிடுவான். காது வந்த பிறகு கொஞ்சம் தள்ளிப் போக ஆரம்பித்தான். "பாத்துப் போடா" என்றால், "அதான் மருமகன் இருக்கானே" என்பான். பேட்டரியக்காவுக்கு அதில் உள்ளூரப் பெருமை. மறைப்பானேன்? பெருமைதான்.

படகுகளை வாங்குகிற பெரிய இடத்து ஆட்கள் பார்வையிட வருகிற நாள் வந்தது. அன்றைக்கென்று பார்த்து வானம் அழுக்குத் துணி மாதிரி கிடந்தது. காலையிலிருந்தே பேட்டரி இறங்குமுகம். விருந்தாளிகள் கன்ட்ரோல் ரூமில் வந்து உட்கார்ந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டைகள், கையில் டீக் கோப்பைகள். பெரிய திரையில் கடல் ஓடியது. மேனேஜர் அவள் காதருகே குனிந்தார்.

"அக்கா, என்ன ஆனாலும் படம் நிக்கக் கூடாது. இது போச்சுன்னா கம்பெனியே போச்சு. கிடங்குல இருக்கற அத்தனை பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"விதிப்படி கேமராதான் சார் முதல்ல தூங்கும்."

"விதி நீங்க எழுதினதுதானே? கொஞ்ச நேரம். அவங்க டீயைக் குடிச்சு முடிக்கற வரைக்கும்."

அவள் திரையைப் பார்த்தாள். ராடாரை அணைத்தாள். அப்போதும் போதவில்லை, கேமரா கண்ணைச் சிமிட்ட ஆரம்பித்துவிட்டது. மேனேஜரின் நெற்றியில் வேர்வை. கிடங்கில் வேலை செய்கிறவர்களின் முகங்கள் அவள் கண்முன் வந்து போயின. கொஞ்ச நேரம்தானே என்று அவளும் நினைத்தாள். காதை அணைத்தாள்.

படம் தெளிந்தது. தெளிந்த கொஞ்ச நேரத்தில், தூரத்தில் ஒரு படகு தெரிந்தது. கேமரா தானே அதை நெருக்கிப் பிடித்துக் காட்டியது. படகில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். ஒரு கை வாயருகில். மறு கை உயரத் தூக்கி ஆடிக்கொண்டிருந்தது.

பேட்டரியக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அது எந்தம்பி சார்!" என்றாள் தன்னை மறந்து.

அறை முழுக்கச் சிரிப்பு. "பாத்தீங்களா, இவ்வளவு தூரத்துல இருந்து ஆளையே அடையாளம் தெரியுது" என்று மேனேஜர் அந்தச் சிரிப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "மீனவர்களுக்கும் நம்ம படகு மேல எவ்வளவு பாசம், பாருங்க."

விருந்தாளிகளில் ஒருவர் கண்ணைச் சுருக்கினார். "படகு ரொம்பத் தாழ்வா நிக்குதே?"

"மீன் நிறைய விழுந்திருக்கும் சார்."

மறுபடியும் சிரிப்பு. பேட்டரியக்கா திரையைப் பார்த்துக் கை ஆட்டினாள். சின்னப் பிள்ளை மாதிரி, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். அதைப் பார்த்து விருந்தாளிகள் கைதட்டினார்கள். பிறகு அடுத்த இடத்தைக் காட்ட வேண்டியிருந்ததால் சின்ன இன்ஜினியர் ஒரு பொத்தானை அழுத்த, மருமகன் திரும்பி வேறு பக்கம் போனான்.

அதன்பின் நடந்ததெல்லாம் கொண்டாட்டம். விருந்தாளிகள் கைகுலுக்கினார்கள். மேனேஜர் அவளை இழுத்து வந்து நடுவில் நிறுத்திப் போட்டோ எடுக்க வைத்தார். பன்னும் டீயும் வந்தன. ஆசிட் ஓட்டைச் சேலையை முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றாள் அவள். வாழ்நாளில் அவளுக்காக யாரும் கைதட்டியதில்லை. காது அணைந்து கிடந்தது அவளுக்கு நினைவே வரவில்லை. தானாக எழுந்துகொள்ளவும் அதற்கு உத்தரவில்லை. அந்த உத்தரவைப் போட்டவளும் அவள்தான்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் சின்ன இன்ஜினியர் வந்து, "அக்கா, காது தூங்கிட்டிருக்கே?" என்றான்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய் அதை எழுப்பினாள். இரைச்சல்தான் வந்தது, எண்ணெயில் ஏதோ பொரிகிற மாதிரி, விடாமல். அவள் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் இல்லை, நல்லவேளை என்று சொல்லிக்கொண்டாள். அப்போதுதான் தம்பி பெண்சாதியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணி, அவரு இன்னும் வரலை. உங்க படகுக்கு ஏதாவது கேட்டுதா?"

கரையிலிருந்து படகுகள் தேடக் கிளம்பின, மருமகனையும் திருப்பினார்கள். திருப்பி என்ன பயன்? காலையெல்லாம் படம் காட்டிக் காட்டி அவன் பேட்டரி தரைதட்டியிருந்தது. காற்றும் விழுந்துவிட்டது. வெயில் வரும் வரை மிதந்துகொண்டு கிடப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. பேட்டரியக்கா திரையில் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது நகரவேயில்லை. "போடா, போயேன்டா" என்று அவள் வாய்விட்டுக் கெஞ்சினாள். சின்ன இன்ஜினியர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் சரக்குக் கப்பல் ஒன்றின் ஆட்கள் ஐஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்து மிதந்த ஒருவனைத் தூக்கி வந்தார்கள். தம்பியின் கூட்டாளி அவன். தம்பி கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கூட்டாளி கட்டிலில் சுருண்டு கிடந்தான். உப்புத் தண்ணீரில் ஊறி உதடு வெடித்திருந்தது. பேட்டரியக்காவைப் பார்த்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் போகாமல் நின்றாள். கடைசியில் சுவரிடம் சொல்வது மாதிரி சொன்னான்.

"அடிப்பலகை விட்டுப் போச்சு. தண்ணி ஏறுது. நான் குனிஞ்சு இறைச்சுக்கிட்டே இருக்கேன். அவன் ரேடியோல கூப்பிடறான். அந்த நேரம் பாத்து உங்க படகு வருது. சாமியே வந்த மாதிரி இருந்துச்சுக்கா. கண்ணுக்குத் தெரியற தூரத்துல வந்து நிக்குது, பாக்குது. அவன் கத்தறான், கையக் காட்டறான். 'அக்கா பாத்துட்டா, ஆள் அனுப்பிடுவா, இறைடா'ன்னு எனக்கு தைரியம் சொல்றான். அப்பறம் அது திரும்பிப் போச்சு."

பேட்டரியக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"போனப்பறமும் அவன் நம்பிக்கைய விடலை. 'சொல்லத்தான் போகுது'ன்னான். என்னை இறைச்சுக்கிட்டே இருக்கச் சொல்லிட்டு, ரேடியோவை விடாம... பொட்டியை என் பக்கம் தள்ளிவிட்டதும் அவன்தான்." போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டான். "அவன் வீட்டுத் தங்கச்சிகிட்ட இதெல்லாம் நான் சொல்லலை. என்னால முடியாது. நீங்களே சொல்லிக்கோங்க."

மேனேஜர் அன்றைக்கு முதல் தடவையாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு, நடந்தது நடந்துவிட்டது, இதை வெளியே பேசினால் போனவன் திரும்பி வரப் போவதில்லை, கிடங்கில் இருக்கிறவர்கள் பிழைப்பைத்தான் கெடுக்கும் என்றார். அவர் குரலும் கரகரத்தது. கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிட முடியாது. வேலையை விட்டுத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் செய்தது ஒன்றுதான். காதுக்குப் போகிற கம்பியில் இருந்த ஸ்விட்சை வெட்டி எடுத்துவிட்டு, பேட்டரியோடு நேராகச் சேர்த்துப் பற்றவைத்தாள். இனி அதை அணைக்க வேண்டுமென்றால் படகையே உடைக்க வேண்டும். யாரும் அவளைத் தடுக்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவளே முணுமுணுத்துக்கொண்டாள்.

தம்பி பெண்சாதியிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் கிளம்புவாள். போவாள், உட்காருவாள், தண்ணீர் குடிப்பாள், தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் தருவாள். சொல்லாமலே எழுந்து வந்துவிடுவாள். தொண்டையில் முள் சிக்கினால் சோற்றை உருட்டி விழுங்கலாம். இதற்கு என்ன வைத்தியம்? அந்தப் பெண்ணோ அவளையே தேற்றினாள். "நீங்க அழாதீங்கண்ணி. உங்க படகு பக்கத்துல இருந்திருந்தா அவரு பொழைச்சிருப்பாரு. நம்ம நேரம், அது வேற பக்கம் போயிருக்கு." இதைக் கேட்டுவிட்டு எப்படி வாயைத் திறப்பது?

இதற்கிடையில் கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் கிடைத்தது. முன்னறையில் சுவருக்கு வெள்ளை அடித்து, ஒரு பெரிய படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். விருந்தாளிகள் வந்த அன்று கேமரா பிடித்த தம்பியின் படம். வெளியூரில் இருந்த விளம்பரக்காரர்கள், அதிலிருப்பது யார் என்று தெரியாமலே பொறுக்கி எடுத்து அனுப்பியது. கீழே 'கடலின் நண்பன்' என்று எழுத்து. மேனேஜர் அதைக் கழற்றச் சொல்லலாம் என்று இருந்தார். ஏன் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று விட்டுவிட்டார். பேட்டரியக்கா அதற்குப் பிறகு பின்வாசல் வழியாகவே வந்து போனாள்.

ஒரு நாள் மத்தியானம் காவலாளி வந்து அவளைத் தேடி யாரோ வந்திருப்பதாகச் சொன்னான். தம்பி பெண்சாதிதான் வந்திருந்தாள். கேட்டுக்கு வெளியே, வெயிலில், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, உங்க ஆபீஸ்ல அவரு படம் மாட்டியிருக்காங்களாமே? சிரிச்சுக்கிட்டே கை காட்டறாராமே? எங்கிட்ட கல்யாணப் படம்தான் இருக்கு, அதுலயும் கண்ண மூடிக்கிட்டு நிக்கறாரு. எனக்கு ஒண்ணு வாங்கித் தாங்கண்ணி."

"அது தூரத்துல எடுத்தது. முகமே சரியாத் தெரியாதும்மா."

"பரவால்ல. நான் பாத்துக்கறேன்."

மறுக்க என்ன இருக்கிறது? பேட்டரியக்கா அவளை முன்னறைக்குக் கூட்டிப் போனாள். அங்கே யாரும் இல்லை. மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி பெண்சாதி செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். படத்துக்கு அருகே போய் நின்றாள். பிறகு இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள். மறுபடியும் அருகே போனாள்.

"இது நான் தைச்ச சட்டை" என்று கண்ணாடி மேல் விரலை வைத்தாள். "தோள் இறுக்குதுன்னாரு. பிரிச்சுத் தைக்கறேன்னு சொன்னேன்." அவள் சிரிக்கப் பார்த்தாள். விரல் தோளிலிருந்து கைக்கு வந்தது, கையிலிருந்து முகத்துக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. துணியில் இழை விலகியிருப்பதைக் கண்டுபிடிக்கிறவளின் கண் அது. முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

"கையில என்ன அண்ணி?"

"ரேடியோ."

"கீழ தண்ணி..." என்று விரலைப் படகின் விளிம்புக்குக் கொண்டுபோனாள். அப்புறம் மறுபடி முகத்துக்கு. மின்விசிறிச் சத்தத்திலும் அவள் மூச்சு விடுவது கேட்டது.

"இவரு சிரிக்கலையே அண்ணி. கூப்பிடறாரு."

பேட்டரியக்கா சுவரைப் பிடித்துக்கொள்ளவில்லை, உட்காரவும் இல்லை. இத்தனை நாள் சிக்கியிருந்தது தானாகவே வந்தது.

"ஆமாம்மா. என்னைத்தான் கூப்பிட்டான். அன்னிக்கு நான் காதை அணைச்சு வெச்சிருந்தேன்."

தம்பி பெண்சாதி படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"நீங்க இதப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"நானும் கை காட்டினேன்."